சுவருக்குள் இரு அயலவர்: சுடுநீர்க் குழாயும் மின் வயரும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் சுடுநீர்க் குழாயையும் மின் வயரையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் செயற்குழுவில் சிலர் சிரித்தார்கள். கல்லூரிக் கீதம், பழைய அதிபர்கள், வலைப்பந்துக் குழு என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கின்றனதான். ஆனால் கிளைச் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது எங்களிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் வீட்டைப் பற்றியவை. "வயர் போற சுவருக்குள்ளேயே ஹீற்றிங் பைப்பையும் விடுறன் எண்டு பிளம்பர் சொல்லுறார். விடலாமோ அக்கா?" இந்தக் கேள்வி இலண்டனிலும் கேட்கப்படுகிறது. கூரையில் சூரிய சுடுநீர்த் தாங்கி பூட்டிய பிறகு கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கப்படுகிறது. ஆகவே இன்று இதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

சுருக்கமான பதில் இது. ஒரே சுவருக்குள் இரண்டும் போகலாம். ஒன்றையொன்று குறுக்கே கடக்கலாம். ஆனால் தொட்டுக்கொண்டு போகக் கூடாது. உறையிடாத சுடுநீர்க் குழாயோடு சேர்ந்து நெடுந்தூரம் வயர் ஓடக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே வயர் கிடக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் எமது ஆசிரியைகள் விடையை மட்டும் எழுதினால் புள்ளி தரமாட்டார்கள். காரணத்தையும் கேட்பார்கள். அதனால் காரணத்துக்கு வருகிறோம்.

நாம் வளர்ந்த வீடுகளில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. தண்ணீர் கிணற்றில் இருந்தது. சுடுதண்ணீர் அடுப்பில் இருந்தது. மின்சாரம் வந்த வீடுகளில் வயர் பெரும்பாலும் சுவருக்கு வெளியே மரச் சட்டத்தின் மேலே கண்ணுக்குத் தெரியத்தக்கதாக ஓடியது. குளிர்நாட்டு வீடு அப்படியல்ல. பிரித்தானிய வீட்டை எடுத்துக்கொள்வோம். சமையலறையிலோ அலுமாரிக்குள்ளோ ஒரு பொயிலர் இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்க, ஒரு பம்பி அந்தத் தண்ணீரை 15 அல்லது 22 மில்லிமீற்றர் செப்புக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறையிலும் உள்ள றேடியேற்றருக்குத் தள்ளும். சூட்டை இழந்த தண்ணீர் வேறொரு குழாயால் பொயிலருக்குத் திரும்பும். இந்தக் குழாய்கள் தரைப் பலகைக்குக் கீழும், சுவருக்குள்ளும், மேல்மாடிக்கு ஏறும் ஒடுங்கிய பெட்டிகளுக்குள்ளும் ஓடுகின்றன. மின் வயர்களுக்கும் அதே தரையடி, அதே சுவர், அதே பெட்டிதான் வழி. பிளம்பர் ஒரு நாள் வருவார், மின் வேலைக்காரர் இன்னொரு நாள் வருவார். இருவரும் சந்தித்துப் பேசாமலே வேலை முடிந்து, சுவர் பூசப்பட்டுவிடும்.

அந்தச் சுவருக்குள் நடப்பது நாம் விஞ்ஞானப் பாடத்தில் படித்த மின்னோட்டத்தின் வெப்ப விளைவுதான். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். இந்த வெப்பம் வெளியே போய்விட்டால் தொல்லை இல்லை. போக வழியில்லாவிட்டால் அது கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் காவலி உறையைத் தாக்கும். வீடுகளில் வழமையாகப் போடும் பீ.வீ.சீ. உறைக்குக் கம்பியின் வெப்பநிலை 70 பாகை செல்சியஸ் என்பதே மேல் எல்லை. சில நிமிடங்கள் கொஞ்சம் கூடினால் உடனே ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் தொடர்ந்து சூட்டில் கிடக்கும் காவலியின் ஆயுள், ஒவ்வொரு 8 தொடக்கம் 10 பாகை உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கையாளும் ஒரு கைக்கணக்கு. முப்பது, நாற்பது ஆண்டுகள் இருக்கவேண்டிய வயர் சில ஆண்டுகளில் காய்ந்த பூவரசங் குச்சிபோல முறியத் தொடங்கும்.

இனிக் குழாய்க்கு வருவோம். பழைய முறையில் அமைத்த பொயிலர்களில் றேடியேற்றருக்குப் போகும் தண்ணீர் 70 முதல் 80 பாகை வரை இருக்கும். செப்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். அப்படியொரு குழாயில் வயரைச் சாய்த்துக் கட்டிவிட்டால், அந்த வயரில் மின்சாரமே ஓடாவிட்டாலும் அதன் உறை தன் எல்லையை அடைந்துவிடுகிறது. அதற்கு மேல் அது தன் சொந்த வெப்பத்தையும் தாங்க வேண்டும். அயலவரின் அடுப்புப் புகை எங்கள் அடுப்படிக்குள் வந்தபின் நாமும் அடுப்பு மூட்டுவதைப் போன்ற நிலைமை இது.

இதை அளந்து சொல்லலாம். பிரித்தானியாவின் மின் நிறுவல் நியமமாகிய பீ.எஸ். 7671 ஒவ்வொரு வயரும் எத்தனை அம்பியர் சுமக்கலாம் என்று அட்டவணை தருகிறது. அந்த அட்டவணை சுற்றுச்சூழல் 30 பாகை என்று எடுத்துக்கொள்கிறது. 70 பாகை பீ.வீ.சீ. வயரைச் சுற்றி 40 பாகை இருந்தால் அந்த எண்ணை 0.87 ஆல் பெருக்க வேண்டும். 50 பாகையானால் 0.71 ஆல். 60 பாகையானால் 0.50 ஆல், அதாவது பாதியாக.

பிளக் பொயின்ற்றுகளுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் தட்டை வயரைப் பார்ப்போம். செங்கற் சுவரின் பூச்சுக்குள் நேரே பதித்தால் அது 27 அம்பியர் சுமக்கும். வெப்பம் காக்கும் பஞ்சு அடைத்த சுவருக்குள் குழாயில் விட்டால் 20 அம்பியர்தான். முற்றிலும் பஞ்சுக்குள் புதைந்துவிட்டால் 13.5 அம்பியர். பிரித்தானிய வீடுகளில் பிளக் பொயின்ற்றுகளை ஒரு வளையமாகத் தொடுத்து 32 அம்பியர் பிரேக்கரோடு இணைப்பது வழக்கம். அந்த வளையத்தின் வயர் எந்த இடத்திலும் 20 அம்பியருக்குக் குறையாமல் சுமக்கவேண்டும் என்பது விதி. சுடுநீர்க் குழாய் அருகில் ஓடி அந்த இடம் 50 பாகைக்கு ஏறிவிட்டால், 27 அம்பியர் 19 ஆகிவிடுகிறது. 20 அம்பியர் 14 ஆகிவிடுகிறது. நல்ல முறையில் போட்ட வயர், குழாய் வந்த பிறகு விதிக்குப் புறம்பான வயராகிவிடுகிறது. வயரில் எவரும் கைவைக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு குழாய் வந்தது, அவ்வளவுதான்.

குளியலறையில் மின்சார ஷவர் உள்ளவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 9.5 கிலோவாற்று ஷவர் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 41 அம்பியர் எடுக்கும். அதற்குப் போடும் 10 சதுர மில்லிமீற்றர் தட்டை வயர் பூச்சுக்குள் தனியே பதித்தால் 64 அம்பியர் சுமக்கும். போதுமானதுதான். ஆனால் 60 பாகைச் சூழலில் அது 32 அம்பியராகக் குறைகிறது. ஷவருக்குப் போகும் வயரும், குளியலறைக்கு ஏறும் சுடுநீர்க் குழாயும் ஒரே பெட்டிக்குள் ஏறுவது மிகவும் சாதாரணமாகக் காணும் காட்சி. சுடுநீர்த் தாங்கி நிற்கும் அலுமாரியும் அப்படித்தான். அந்தத் தாங்கிக்குள் இருக்கும் இமேர்ஷன் ஹீற்றருக்குச் சாதாரண வயரைப் போடாமல் வெப்பம் தாங்கும் வயரைப் போடவேண்டும் என்பது இதே காரணத்தால்தான்.

சகோதரிகளே, இந்தப் பேச்சில் ஒரே ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இனிச் சொல்லப் போவதை வைத்துக்கொள்ளுங்கள். "பிரேக்கர் இருக்குத்தானே, ஏதும் பிழையெண்டால் அது விழும்தானே" என்று நம்மில் அனேகர் நினைக்கிறோம். பிரேக்கர் மின்னோட்டத்தை அளக்கிறது. ட்றிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் அளவில் ஒழுகும் மின்னோட்டத்தை அறிகிறது. இவற்றில் எதுவும் சுவருக்குள் கிடக்கும் வயரின் வெப்பநிலையை அறியாது. 18 அம்பியர் ஓடுகிறது என்றால் 32 அம்பியர் பிரேக்கருக்கு அது மிகச் சாதாரணம். அந்த 18 அம்பியரும் குழாயோடு ஒட்டிக் கிடக்கும் வயரில் ஓடி, உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்குகிறது என்று அதற்குச் சொல்ல யாருமில்லை. காவலி முற்றாகப் பழுதான பிறகே ட்றிப் சுவிட்ச் பேசும். சில வேளை அதற்கு முன்னரே தீப்பொறி பேசிவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். குழாய் மிகச் சூடாக இருப்பது எப்போது? மாரிகாலத்து மாலையில். வயரில் சுமை மிகக் கூடுதலாக இருப்பது எப்போது? அதே மாலையில்தான். பிள்ளைகள் பள்ளியால் வந்துவிட்டார்கள். கேத்தல் 13 அம்பியர் எடுக்கிறது. துணி காயவைக்கும் மிசின் ஓடுகிறது. றைஸ் குக்கர் வேலை செய்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு றேடியேற்றர் சூடு போதாது, காலடியில் 2 கிலோவாற்று மின் ஹீற்றரும் போட்டாயிற்று. பொயிலரும் முழு வேகத்தில். கோடையில் மின் பரிசோதனைக்கு வந்தவர் எல்லாம் சரியென்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று குழாய் குளிர்ந்திருந்தது. பகல் முழுவதும் தனியே வீட்டில் இருப்பவர்கள் எமது முதியவர்களும் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மாரும் என்பதை நினைத்தால், இந்த விடயத்தை ஏன் மேடைக்குக் கொண்டுவந்தோம் என்பது விளங்கும்.

வெப்பம் மட்டும் பிரச்சினையல்ல. குழாய் அசைகிறது. செப்பு சூடாகும்போது நீளும். 10 மீற்றர் நீளமான செப்புக் குழாய் 60 பாகை சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீளும். குளிரும்போது மீண்டும் சுருங்கும். காலையில் ஹீற்றிங் தொடங்கும்போது தரைக்குக் கீழே "டிக், டிக்" என்று கேட்கும் ஓசை அதுதான். தரைப் பலகையைத் தாங்கும் மரத்தில் வெட்டிய ஒரே பள்ளத்துக்குள் குழாயையும் வயரையும் சேர்த்துத் திணித்திருந்தால், ஒவ்வொரு நாளும் சில முறை குழாய் வயரை உரசும். மாரிகாலம் முழுவதும், வருடா வருடம். அரம் போட்டுத் தேய்ப்பதுபோல அந்த உறை தேயும்.

குழாய் ஒழுகவும் கூடும். மூட்டுகளில் ஒழுகும் தண்ணீர் கீழ்நோக்கித்தான் வரும். குளிர்நீர்க் குழாயில் வியர்த்து வடியும் தண்ணீரும் அப்படியே. ஆகவேதான் தண்ணீர்க் குழாய்க்கு மேலே அல்லது பக்கத்தில் வயரைக் கொண்டுபோக வேண்டும், கீழே அல்ல. பிளம்பர் செப்புக் குழாயை ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது நெருப்புச் சுவாலையைப் பிடிப்பார். பக்கத்தில் வயர் ஏற்கெனவே கிடந்தால் சில விநாடிகளில் உறை உருகிவிடும். சுவர் மூடிய பிறகு அது எவருக்கும் தெரியாது. வழமையாகக் குழாய் வேலை முந்தியும் வயர் வேலை பிந்தியும் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வீட்டில் புதுக் குழாய் போடும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. வயர் ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது. அங்கேதான் நாம் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

செப்புக் குழாய் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும் என்பதை மறக்கக் கூடாது. உறை தேய்ந்த வயர் குழாயைத் தொட்டுவிட்டால், வீட்டிலுள்ள அத்தனை றேடியேற்றர்களும் தண்ணீர்க் குழாய்களும் மின்னேறக்கூடும். அப்படி நேராமல் இருக்கத்தான் வீட்டுக்குள் தண்ணீரும் வாயுவும் நுழையும் இடங்களில் உலோகக் குழாயோடு பச்சை மஞ்சள் வயர் ஒன்றைப் பூட்டிப் புவித்தொடுப்போடு இணைக்கிறார்கள். அந்த வயரை வர்ணம் பூசுவதற்காகவோ அலுமாரி வைப்பதற்காகவோ கழற்றிவிடாதீர்கள். அதைக் கழற்ற வேண்டாம் என்று அதிலேயே சிறு தகட்டில் எழுதியிருக்கும்.

"அப்ப எத்தனை அங்குலம் தள்ளி விடுறது?" என்று கேட்பீர்கள். பிரித்தானிய நியமம் சுடுநீர்க் குழாய்க்கு இத்தனை என்று ஓர் எண் தரவில்லை. பக்கத்திலுள்ள வேறு சேவையால் வயருக்குத் தீங்கு வரக்கூடாது, வெப்பம் வரும் இடமானால் மறைப்பாலோ தூரத்தாலோ தக்க வயராலோ காக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. வாயுக் குழாய்க்கும் வயருக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் என்று வாயுக் குழாய் நியமத்தில் உண்டு. கனடாவின் மின் விதிக்கோவை சாதாரண வீட்டு வயருக்கும் வெப்பமூட்டும் குழாய்களுக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் காற்றிடைவெளி வேண்டும் என்கிறது. ரொறன்ரோப் பக்கத்தில் பல வீடுகளில் தண்ணீருக்குப் பதில் சுடுகாற்றையே பெரிய தகரக் குழாய்களால் அனுப்புகிறார்கள். அவற்றுக்கும் இதே இடைவெளிதான். எங்கள் ஆலோசனை: குறைந்தது ஓர் அங்குலம், இடம் இருந்தால் ஒரு சாண். கடக்க வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகக் கடந்துவிடுங்கள். சேர்ந்து போக வேண்டிய இடத்தில் குழாய்க்கு நுரை உறை போடுங்கள். அந்த உறையால் வயர் பிழைக்கும், எரிபொருட் செலவும் குறையும். ஆனால் உறை போட்டோம் என்பதற்காக வயரையும் அதே உறைக்குள் திணிக்க வேண்டாம். வெள்ளை றிஜிபோம் துண்டுகளை வயரோடு ஒட்ட அடைக்கவும் வேண்டாம். பீ.வீ.சீ. உறையை இளக்கமாக வைத்திருக்கும் பொருளை றிஜிபோம் உறிஞ்சிவிடும், உறை விறைத்து வெடிக்கும்.

தண்ணீரின் சூட்டைக் குறைப்பதும் ஒரு வழி. இன்றைய பொயிலர்கள் புகையில் உள்ள நீராவியை ஒடுக்கி அதன் வெப்பத்தையும் மீட்பவை. திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். இங்கிலாந்தில் 2022 யூன் முதல், புதிதாக அமைக்கும் றேடியேற்றர் முறைகள் 55 பாகைக்கு மேற்படாத தண்ணீரோடு இயங்கத்தக்கதாக வடிவமைக்கப்பட வேண்டும் என்ற கட்டட விதி வந்திருக்கிறது. வெப்பப் பம்பிகள் அதிலும் குறைந்த சூட்டிலேயே வேலை செய்கின்றன. உங்கள் பொயிலரில் றேடியேற்றர் சூட்டைத் தனியே குறைக்கும் குமிழ் இருந்தால் குறைத்துப் பாருங்கள். வீடு சூடாக இருக்கும்வரை குறைப்பதால் நட்டம் இல்லை. ஆனால் தாங்கியில் சேமித்து வைக்கும் சுடுநீரை 60 பாகையில் வைத்திருக்க வேண்டும். அதைக் குறைத்தால் லீஜியனெல்லா என்ற நோய்க்கிருமி பெருக இடமுண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு றேடியேற்றர் இல்லை. ஆனால் நுவரெலியாவில் மட்டுமன்றிச் சமவெளியிலும் இப்போது புது வீடுகளின் கூரையில் சூரிய சுடுநீர்த் தாங்கி ஏறுகிறது. நல்ல வெயில் நாளில் அந்தத் தண்ணீர் 60, 70 பாகையைத் தாண்டும். எங்கள் சுவர் கல்லும் சீமெந்துமானது. அதில் பள்ளம் கொத்தி, வயர் போகும் பீ.வீ.சீ. குழாயைப் பதித்துப் பூசுகிறோம். கொத்துவது கடினமான வேலை என்பதால் "ஒரே பள்ளத்துக்குள்ள ரெண்டையும் விடுவம்" என்று பாஸ் சொல்வார். விடவேண்டாம். வேறு பள்ளம் கொத்தச் சொல்லுங்கள், அதற்கான கூலியையும் கொடுத்துவிடுங்கள். சுடுநீருக்குச் சாதாரண பீ.வீ.சீ. குழாய் போடக்கூடாது. அது 60 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கும். சுடுநீருக்கென்று வரும் சீ.பீ.வீ.சீ. அல்லது பீ.பீ.ஆர். குழாய்தான் வேண்டும். வயரைப் பாதுகாக்கும் குழாயும் அதே சாதாரண பீ.வீ.சீ. என்பதையும் கவனியுங்கள். ட்றிப் சுவிட்ச்சில் உள்ள சோதனைப் பொத்தானை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதை மாற்றும்வரை ஷவர் ஹீற்றரைப் போடவேண்டாம்.

"இதெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளுவார்" என்று சொல்லும் தங்கைமாருக்கு ஒரு வரலாறு சொல்ல விரும்புகிறோம். பிரித்தானியாவின் மின் நிறுவல் விதிகளின் முதற் பதிப்பு 1882 ஆம் ஆண்டு இலண்டனில் எழுதப்பட்டது. மின்விளக்கால் தீப்பிடிக்கும் ஆபத்தைத் தடுக்கும் விதிகள் என்றே அவற்றுக்குப் பெயர். அப்போது அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள். 1924 இல் இங்கிலாந்தில் மின்சாரத்துக்கான பெண்கள் சங்கம் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் கரோலின் ஹஸ்லெற் என்ற பொறியியலாளர். வீட்டுக்குள் மின்சாரத்தோடு புழங்குபவள் பெண், அவளுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்தச் சங்கத்தின் கொள்கை. அவர்கள் வகுப்பு நடத்தினார்கள், 1934 இல் பெண்களுக்கென்றே ஒரு மின் கைநூல் வெளியிட்டார்கள். போர் முடிந்தபின் கட்டப்போகும் வீடுகளின் மின் அமைப்பு எப்படியிருக்க வேண்டும் என்று ஆராய 1942 இல் அமைத்த இருபது பேர் குழுவில் இருந்த ஒரே பெண்ணும் ஹஸ்லெற்தான். அந்தக் குழுவின் வேலையால்தான் பிளக் பொயின்ற்றுகளை வளையமாகத் தொடுக்கும் முறையும், 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கும் வந்தன. சிறு பிள்ளை விரலையோ கம்பியையோ விட முடியாதபடி ஓட்டையை மூடிநிற்கும் தகடு அந்தப் பிளக் பொயின்ற்றில் இருக்கிறது. இன்று பிரித்தானியாவில் மட்டுமல்ல, இலங்கையிலும் பல வீடுகளின் சுவரில் இருப்பது அதுவே. வீட்டைப் புழங்குபவரின் அறிவு விதியை எழுதும் மேசைக்குப் போனதன் பயன் அது.

எல்லோரும் வயர் இழுக்கப் பழக வேண்டும் என்று சொல்லவில்லை. அது தகுதி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின் வேலைகள் கட்டட விதிக்குள் வந்துவிட்டன. வேலை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வாடகை வீட்டில் இருக்கும் எமது மாணவப் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும். அங்கே வீட்டுச் சொந்தக்காரர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மின் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையின் பிரதியைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வேலை நடக்கும்போது நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, பிளம்பரையும் மின் வேலைக்காரரையும் ஒரே நாளில், அரை மணித்தியாலமாவது, ஒரே சுவருக்கு முன்னால் நிற்க வைத்துப் பேச வைப்பது. "இந்தக் குழாய்க்கும் அந்த வயருக்கும் இடையில் எவ்வளவு இருக்கும்? எங்கே கடக்கும்? குழாய்க்கு உறை போடுவீர்களா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல வேலைக்காரர் கோபிக்காமல் பதில் சொல்வார். இரண்டாவது, பூச்சு போடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை வைத்துப் படம் பிடிப்பது. தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை சென்ரிமீற்றரில் குழாய், எத்தனையில் வயர் என்று படத்தில் தெரிய வேண்டும். பிரித்தானியாவில் வயர்கள் சுவரின் மேல் விளிம்பிலிருந்தும் மூலையிலிருந்தும் 150 மில்லிமீற்றருக்குள், அல்லது சுவிட்ச், பிளக் பொயின்ற் ஆகியவற்றுக்கு நேர் மேலே, கீழே, பக்கவாட்டில் போகலாம் என்று வலயங்கள் வகுத்திருக்கிறார்கள். குழாய்க்கு அப்படியொரு வலயம் இல்லை. சாமிப்படமோ பிள்ளையின் பட்டமளிப்புப் படமோ மாட்டத் துளையிடும் அன்று, நீங்கள் எடுத்து வைத்த படம் மட்டுமே உதவும்.

மூன்றாவது, அந்தப் படங்களை அச்சிட்டு ஒரு கொப்பியில் ஒட்டி வைப்பது. திகதி, வேலை செய்தவர், வயரின் பருமன், குழாயின் வகை, சான்றிதழின் பிரதி, மெயின் சுவிட்ச் எங்கே, தண்ணீர் பூட்டும் வால்வு எங்கே என்பன எல்லாம் அதில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் மட்டும் வைத்தால் தொலைபேசி மாறும்போது போய்விடும். வீடு விற்கும்போது சாவியோடு கொப்பியையும் கொடுங்கள். வீடு வாங்கும்போது அப்படி ஒன்று உண்டா என்று கேளுங்கள். பெற்றோர் தனியே இருக்கும் வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது, ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி அந்த வீட்டுக்கும் ஒரு கொப்பி தொடங்குங்கள்.

இப்போதே வீட்டில் கவனிக்கக்கூடிய சில அறிகுறிகளும் உண்டு. ஹீற்றிங் போட்டதும் சுவரில் ஒரு கோடாகச் சூடு தெரிந்தால், அந்தக் கோட்டில் பிளக் பொயின்ற் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பொயின்ற்றின் முகம் மஞ்சளாகியிருந்தாலோ, மீன் வாடைபோல ஒரு நெடி வந்தாலோ, மாரிகாலத்தில் மட்டும் ட்றிப் சுவிட்ச் காரணமின்றி விழுந்தாலோ, அந்தச் சுற்றை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டாம்.

ஒவ்வொரு கிளைச் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். எமது பழைய மாணவிகளிடையே பொறியியலாளர், கட்டட வரைஞர், மின் பரிசோதகர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பேசட்டும். தனியே வாழும் மூத்த அக்காமாரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, மாரி தொடங்குமுன் இருவர் போய் ஒவ்வொரு வீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். போகும்போது ஒரு வெறுங் கொப்பியையும் கொண்டு போகட்டும்.

கேள்விகள் இருந்தால் தேநீர் வேளையில் கேளுங்கள், எந்த மூலையில் நின்றாலும் வருகிறோம்.